எந்த வாசல் எந்த மதிப்பெண்ணைக் கேட்கிறது?

இளையோர் வழிகாட்டி



மும்பை தாராவியிலிருந்து ஒரு மகள் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையின்மேல் இருக்கிறது. ஏழாம் வகுப்புவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும், பின்பு ஆங்கில வழியிலும் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 58 சதவீதம். நீட் தேர்வை இருமுறை எழுதியும் தகுதி நிலை கிடைக்கவில்லை. பின்பு விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே படித்து, 46 சதவீதத்துடன் முடித்திருக்கிறாள். "தேர்வு முடிவு வந்த வாரத்தில் சபையில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை முன்னே அழைத்து ஜெபித்தார்கள். நான் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதுமுதல் நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைய முடியும்? வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அப்பா ஊரில் உள்ள நிலத்தை விற்கப் பார்க்கிறார்" என்று எழுதியிருக்கிறாள்.

அன்பு மகளே, முதலாவது உன் தகப்பனாரிடம் சொல்: நிலத்தை இப்போது விற்க வேண்டாம். வெளிநாட்டில் மருத்துவம் படித்து இந்தியாவில் பணி செய்ய விரும்புகிற இந்திய மாணவர் புறப்படுவதற்கு முன்பே நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாமல் பட்டம் பெற்று வந்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய இயலாது. தகுதி பெற்றுச் சென்றவர்களும் திரும்பி வந்து மற்றொரு தேர்வை எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் நடந்த பல தேர்வுகளில் எழுதினவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. இவற்றைச் சொல்லாமல் முன்பணம் கேட்கிற ஏஜெண்டுக்கு உன் குடும்பத்தின் நிலம் பலியாக வேண்டாம்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். 46 என்கிற எண்ணை உன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நீ நடக்கிறாய். எல்லா வாசல்களும் அந்த எண்ணைத்தான் கேட்கும் என்று நினைக்கிறாய். உண்மை அப்படியல்ல. நம் நாட்டில் மருத்துவமனைப் பணிக்கான அடிப்படைப் படிப்புகளில் பெரும்பாலானவை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே பார்க்கின்றன. பட்டப்படிப்பின் மதிப்பெண்ணைக் கேட்பவை முதுநிலைப் படிப்புகள். ஆகவே ஒவ்வொரு வாசலின் முன்பும் நின்று, "இந்த வாசல் என்னுடைய எந்த மதிப்பெண்ணைக் கேட்கிறது?" என்று விசாரிக்க வேண்டும். உன்னுடைய 46 மூடுகிற கதவுகள் சில. உன்னுடைய 58 திறக்கிற கதவுகள் அதைவிட அதிகம்.

செவிலியர் பணி

பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பொதுப் பிரிவினருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் கூட்டாக 45 சதவீதமும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் தேவை. உன்னிடம் 58 இருக்கிறது. நுழைவுத் தேர்வும் தரவரிசையும் உண்டு என்பதால் இடம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி உனக்கு உண்டு.

ஜி.என்.எம். என்னும் செவிலியர் டிப்ளமோ மூன்று ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் 40 சதவீதம் போதும். அறிவியல் பிரிவில் படிக்காதவர்களும் சேரலாம். 35 வயதுவரை இடமுண்டு. இதை முடித்துப் பதிவு பெற்றவர்கள் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, எம்.எஸ்ஸி. நர்சிங் வரைக்கும் செல்லலாம். ஏணி நீளமானதுதான், ஆனால் நடுவில் அறுந்துபோகாத ஏணி.

இதன் பாரத்தையும் மறைக்கக் கூடாது. இரவுப் பணி உண்டு. சிறிய தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. நோயாளியின் மலத்தையும் இரத்தத்தையும் முகம் சுளிக்காமல் துடைக்க வேண்டும். ஆசை என்பது வெள்ளைச் சீருடையின்மேல் மட்டும் இருந்தால் அது ஓராண்டு தாங்காது.

மருந்தகமும் பரிசோதனைக் கூடமும்

டி.பார்ம். இரண்டு ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்துத் தேறியிருக்க வேண்டும். இதனுடன் 500 மணி நேரச் செயல்முறைப் பயிற்சியும் உண்டு. முடித்தவர்கள் பி.பார்ம். படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியிருக்கிறது.

பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு ஆகிய தொழில்நுட்பப் பணிகளில்தான் நம் பிள்ளைகள் அதிகமாக ஏமாற்றப்படுகிறார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே மாடியில் ஓர் அறை, வாசலில் ஒரு பெயர்ப் பலகை, "ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன், வேலை நூறு சதவீதம் உறுதி" என்று ஒரு துண்டுப் பிரசுரம். நகரத்தில் வாழ்கிற நாம் இதைக் காணாத நாளில்லை. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஒரு தெளிவான அளவைக் கொடுத்திருக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்று ஏற்கப்படுவதற்கான பட்டயமோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரக் கல்வியாக, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் அமைந்திருக்க வேண்டும். இயன்முறை மருத்துவம் போன்ற, தாமாகச் சிகிச்சை தரும் தொழில்களுக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள். ஆறு மாதச் சான்றிதழ் இந்த அளவை எட்டாது என்பதை அறிய எண்கணிதமே போதும். இச்சட்டத்தின்கீழ் சேர்க்கை விதிகள் மாறிவருவதால், சேருகிற ஆண்டின் அறிவிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதுநிலைப் படிப்புகள்

உன் 46 இங்கேதான் குறுக்கே நிற்கும். மருத்துவமனை நிர்வாகம், பொது சுகாதாரம் ஆகிய முதுநிலைப் படிப்புகளுக்குப் பல நிறுவனங்கள் பட்டத்தில் 50 சதவீதம் கேட்கின்றன. எல்லாம் அப்படியல்ல, பட்டம் தேறியிருந்தால் போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. மருத்துவ சமூகப் பணிக்கு வழியாகிற எம்.எஸ்.டபிள்யூ. படிப்பை இந்தக் கண்ணோடு விசாரித்துப் பார். படுக்கையில் கிடக்கிற ஏழைக்கு மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை கிடைக்கும்படி வழிகாட்டுகிறவரும், மொழி தெரியாத தாய்க்கு மருத்துவர் சொன்னதை விளங்கச் செய்கிறவரும் இந்தப் பணியில் இருப்பவர்களே. தமிழும் இந்தியும் மராத்தியும் பேசுகிற உன் நாவுக்கு எந்த மதிப்பெண் பட்டியலும் எண் போடவில்லை; மருத்துவமனை அதற்கு மதிப்புக் கொடுக்கும்.

ஒரு குறிப்பு: பல பல்கலைக்கழகங்கள் இப்போது சதவீதத்திற்குப் பதிலாகப் பத்துப் புள்ளிச் சராசரியைத் தருகின்றன. அதை நீங்களாகவே பத்தால் பெருக்கிச் சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கிற மாற்றும் விதியின்படி எழுதுங்கள். எல்லையில் நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசமே ஓர் இடத்தைத் தரலாம் அல்லது எடுக்கலாம்.

வெளியூரில் வாழ்வோர் அறிய வேண்டியது

தமிழ்நாட்டில் வாங்கின சாதிச் சான்றிதழை நம்பி மகாராஷ்டிரத்தில் இட ஒதுக்கீட்டு இடத்தை எதிர்பார்த்துப் பின்பு கலங்குகிற குடும்பங்கள் உண்டு. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அந்தச் சலுகை அவர்களுடன் கூடவே வருவதில்லை என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே ஆந்திராவிலிருந்து பம்பாய்க்கு வந்த குடும்பத்தின் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்குதான். ஆகவே இருப்பிடச் சான்று எந்த மாநிலத்தில் கிடைக்கும், எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்பதைப் படிவம் நிரப்புவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு, மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் 7.5 லட்சம் ரூபாய்வரை சொத்தை அடமானம் வைக்காமல் வங்கிகளில் கல்விக் கடன் கேட்கலாம். வங்கி மேலாளர் முதலாவது கேட்பது கல்லூரியின் அங்கீகாரத்தை. அவர் கேட்கிற அந்தக் கேள்வியை நாம் அவருக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மதிப்பெண் ஏன் குறைந்தது?

மகளே, இந்தக் கேள்வியை உன்னைக் குற்றப்படுத்துவதற்காக நான் கேட்கவில்லை. மாலையெல்லாம் டியூஷன் எடுத்ததால் படிக்க நேரமில்லாமல் குறைந்ததென்றால், விடுதியில் தங்கிப் படிக்கும்போது அந்தத் தடை நீங்கும். ஆங்கிலம் புரியாமல் குறைந்ததென்றால், அதே ஆங்கிலம் நர்சிங் கல்லூரியின் உடற்கூறு வகுப்பிலும் உனக்காகக் காத்திருக்கிறது. இன்றுமுதல் தினமும் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கு. விலங்கியலில் மனம் லயிக்காததால் குறைந்ததென்றால், மருத்துவ அறிவியலில் மனம் லயிக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே சோதித்துப் பார்.

மருத்துவராகாவிட்டால் மற்றவையெல்லாம் தாழ்ந்தவை என்கிற எண்ணமும் உன் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது. வேலூரில் 1900-ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1903-இல் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் திறக்கப்பட்டது. இன்று நாடெங்குமிருந்து நோயாளிகள் தேடிச் செல்கிற அந்த மருத்துவமனை, மருத்துவர்களை உருவாக்குமுன்னே மருந்து கலப்பவர்களையும் செவிலியரையும் உருவாக்கியது. அவர்கள் இல்லாமல் அந்த ஒற்றைப் படுக்கை பெருகியிருக்காது.

இந்த மாதத்தில் நீ செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஒரு தாளில் உன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களைத் தனித்தனியே எழுதி, நீ விரும்புகிற ஐந்து படிப்புகளுக்கு எதிரே எது கேட்கப்படுகிறது என்று குறித்துக்கொள். இரண்டு, நர்சிங் கவுன்சில், பார்மசி கவுன்சில் போன்ற அமைப்புகளின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீயே பார். கல்லூரிக்காரர் காட்டுகிற காகிதத்தை மட்டும் நம்பாதே. மூன்று, சபையில் வியாதிப்பட்டிருக்கிற ஒருவருக்குத் துணையாக அரசு மருத்துவமனைக்கு நான்கு நாள் காலையில் போய் வா. வரிசையில் நில், வார்டில் உட்கார், செவிலியரும் டெக்னீஷியனும் என்ன செய்கிறார்கள் என்று கவனி. அதன்பின்பும் அங்கே போக மனம் இழுத்தால், உன் வாஞ்சை மெய்யானது என்று அறிந்துகொள்வாய்.

கடைசியாக, போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு தாழ்மையான விண்ணப்பம். அடுத்த முறை தேர்வு முடிவு வருகிற ஞாயிறன்று, நல்ல மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் முன்னே அழைக்காமல், தேர்வு எழுதின எல்லாப் பிள்ளைகளையும் அழைத்து ஜெபியுங்கள். கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிற ஒரு மகள், நாளை நம் தாய்மாரின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கப் போகிறவளாக இருக்கலாம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.