நல்ல துரை வந்தால் மட்டும் போதுமா?



"நம்ம துரை தங்கமான மனுசன். அவர் இருக்கும்போது சங்கம் எதுக்கு, சந்தா எதுக்கு?" பெரட்டுக்களத்திலும் கோயில் திண்ணையிலும் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. இளம் பிள்ளைகளும் இதைத் திருப்பிச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நல்ல துரைமாரே இல்லை என்று நாம் சொல்லவில்லை. காற்றில் லயத்துக் கூரை பறந்த இரவில் தகரத்தோடு வந்து நின்றவர்களும் உண்டு. ஆனால் துரைமார் மாறிப் போகிறவர்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர் பெட்டியைக் கட்டுவார். அவருடைய நல்ல குணமும் அதே லொறியில் ஏறிவிடும். தராசும் செக்ரோலும் இங்கேயே இருக்கும்.

நல்ல துரைக்கு என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற இளைஞர் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தார். நம் சனங்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பொறுக்காமல் தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை போனது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அதே மாதம் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவரைக் காப்பாற்றியது துரைமார் சங்கமா? இல்லை. சமசமாஜக் கட்சியும் காலிமுகத்திடலில் திரண்ட மக்களும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும்தான். வெள்ளைக்காரருக்கே நல்லவராக இருக்க ஓர் இயக்கம் துணைக்கு வேண்டியிருந்தது.

இன்றைய துரையின் கைகளும் கட்டப்பட்டவைதான். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. உங்கள் நாட்சம்பளத்தை உங்கள் துரை முடிவு செய்வதில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனதும் ஒரு துரை மனமிரங்கியதால் அல்ல. 1921இல் துண்டு முறை ஒழிந்தது, 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது, 1958இல் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. இவை வாதாடியும் போராடியும் எடுத்தவை.

அப்படியானால் நல்ல நிர்வாகி யார்? சிரிப்பை வைத்து அளக்காதீர்கள். மூன்று பழக்கங்களை வைத்து அளங்கள்.

முதலாவது தராசு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். படங்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று நிறுவை, மூன்று கிலோ. மாதம் 20 நாள் என்றால் 60 கிலோ. கொழுந்து எடுப்பவர்கள் 100 பேர் என்றால் 6,000 கிலோ. ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்றாலும் 1,200 கிலோ தேயிலை. இது யாருடைய பேரிலும் இல்லாமல் தொழிற்சாலைக்குள் போகிறது. அதற்குமேல், கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போடுவார்கள். கழிவு எவ்வளவு, ஏன் என்று மடுவத்தில் எழுதி ஒட்டுகிறவரே நேர்மையான நிர்வாகி.

இரண்டாவது கணக்கு. சம்பளச் சீட்டு நமக்கு விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 சதவீதம், கம்பனி போடவேண்டியது 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 சதவீதம். பிடித்த காசு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் முகம் சுளிக்கக்கூடாது. ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காக ஒரு கிழவியை ஆபீசுக்கு மாதக்கணக்கில் நடக்க வைக்கிறவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் நல்ல துரை அல்ல.

மூன்றாவது காது. "ஐயா, அந்த மரத்துல குளவிக்கூடு இருக்கு" என்று ஒரு அக்கா சொல்கிறார். "வேலைக்குக் கள்ளம் பண்ணாத, போய் எடு" என்று பதில் வருகிறது. குளவி கொட்டி நம்மவர்கள் செத்திருக்கிறார்கள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவரைத் திட்டினால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆளை வேறு மலைக்கு மாற்றிவிட்டுக் கூட்டை அகற்ற ஏற்பாடு செய்கிறவரே தலைமை தாங்கத் தெரிந்தவர். ஐம்பது வயதுத் தாயை "ஏய், வாடி" என்று கூப்பிடுகிறவருக்கு அந்தக் காது இருக்காது.

இப்போது நம் பக்கம் வருவோம். இது சிலருக்குக் கசக்கும். பட்டிப்பொல, அம்பேவெல பக்கம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். லயத்தில் பிறந்து, நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற அளவுக்கு வளர்ந்த நம்மவர்களும் இருக்கிறார்கள். வளரட்டும், சந்தோசம். ஆனால் கூலியை "சனிக்கிழமை பார்ப்போம்" என்று இழுப்பதும், மழை வந்தால் பாதி நாளை வெட்டுவதும் எந்தத் துரையிடம் படித்தது? கம்பனிகள் தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் முறை பரவும்போது இன்னும் பலர் சின்ன முதலாளி ஆவார்கள். அவர்களுக்கும் இதே மூன்று அளவுகோல்தான்.

சங்கத் தலைவர்மாருக்கும் இதுதான். சந்தாக் கணக்கைத் தோட்டக் கமிட்டியில் வாசிக்காத தலைவருக்குத் துரையிடம் கணக்குக் கேட்க வாய் வராது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் நாற்காலி மட்டும் ஆண்களுக்கு. 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த காலத்திலேயே அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் முன் பாடி சனத்தைத் திரட்டினார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்தும் மாதர் சங்கத் தலைவியை மாலை போட மட்டும் கூப்பிடுவது நியாயமா?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே மூன்று காரியம் செய்யட்டும். மடுவத்தில் கழிவு விபரத்தை எழுதி ஒட்டும்படி துரையிடம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வு பெற்றும் பணிக்கொடை கிடைக்காதவர்களின் பட்டியலை எடுத்துத் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சந்தாக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.

நல்ல துரை இருந்தால் இதற்குத் தடை சொல்லமாட்டார். தடை சொன்னால், அவர் எப்படிப்பட்டவர் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.