சாவி யார் கையில்?

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. பழனி மலைக்கோயில் கும்பாபிஷேகம். 2006-க்குப் பிறகு 16 வருடம் கழித்து நடந்த விழா. அன்றைக்கு மலை மேல் நிற்க ஆன்லைனில் பெயர் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

மலை மேல் 6,000 பேருக்குத்தான் இடம் என்றார்கள். அதில் முன்பதிவு செய்த பொதுமக்களுக்கு 2,000. குலுக்கலில் பெயர் விழுந்தால் மலையேறலாம். விழாவிட்டால் அடிவாரத்தில் திரையில் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காதவர்கள் ரகளை செய்யவில்லை. “முருகன் இன்னும் கூப்பிடலைங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் நின்றார்கள்.

முருகனை நான் கேள்வி கேட்கவில்லை. கணக்கைக் கேட்கிறேன்.

6,000-த்தில் 2,000 போனால் மீதி 4,000. இதற்கு என் பி.காம். பட்டம் தேவையில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான். அந்த 4,000 யார்? சிவாச்சாரியார்கள், ஓதுவார்கள், ஊழியர்கள், போலீஸ், உபயதாரர்கள்... இவர்கள் இருக்க வேண்டியவர்கள்தான். சரி, இவர்களுக்கு எத்தனை? ‘அண்ணன் சொல்லி அனுப்பினாரு’ என்று வந்தவர்களுக்கு எத்தனை? அந்தப் பட்டியலை நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

உச்சவரம்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பி வராதீர்கள். கண்டிப்பாக வேண்டும். வேடசந்தூர் தாண்டி வடக்கே போனால் கரூர். 2025 செப்டம்பர் 27 அன்று அங்கே ஒரு கட்சிக் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் செத்தார்கள். 10 ஆயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லி அனுமதி கேட்டார்கள். வந்தவர்கள் 27 ஆயிரம் என்றது போலீஸ். அதே வருடம் ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். உள்ளே சுமார் 35 ஆயிரம் பேர்தான் உட்காரலாம். வெளியே திரண்டது லட்சக்கணக்கில். 11 உயிர் போனது. எண்ணாமல் கூப்பிட்டால் கடைசியில் பிணத்தைத்தான் எண்ண வேண்டும்.

ஆகவே எண்ணுங்கள். ஆனால் எல்லோரையும் எண்ணுங்கள்! வரிசையில் நிற்கிறவனை மட்டும் எண்ணிவிட்டு, பின்வாசலில் வருகிறவரைக் கும்பிட்டு அனுப்புவதற்குப் பெயர் கூட்ட நிர்வாகம் அல்ல.

பங்குச்சந்தையைச் சூதாட்டம் என்று திட்டுகிறோம். அங்கே நடப்பதைக் கேளுங்கள். ஒரு கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடுகிறது. கேட்கிறவர்கள் அதிகம், பங்கு குறைவு. லாபம் காட்டிய கம்பெனி என்றால், பொதுவாக உங்களையும் என்னையும் போன்ற சில்லறை முதலீட்டாளர்களுக்குக் குறைந்தது 35 சதவிகிதம் ஒதுக்க வேண்டும் என்பது செபியின் விதி. விண்ணப்பங்கள் குவிந்தால் குலுக்கல். எந்தப் பிரிவில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பேப்பரில் விளம்பரமே வரும். பணம் பண்ணுகிற இடத்தில் பொதுஜனத்துக்கு 35. பழனி ஆண்டவர் சந்நிதியில் 33. பட்டியலும் கிடையாது!

அடுத்து ஜல்லிக்கட்டு. 2025 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் சேர்த்து ஆன்லைனில் பதிவான காளைகள் 12 ஆயிரத்துக்கும் மேல். ஒரு களத்தில் ஒரு நாளில் அவிழ்க்க முடிவது ஆயிரம் சொச்சம். எனவே பெரும்பாலானோருக்கு டோக்கன் கிடைக்காது; அதுகூடப் புரிகிறது. டோக்கன் கிடைத்தும் நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் காளைகள் வருடா வருடம் இருக்கின்றனவே, அது எப்படி? நத்தம் பக்கத்திலிருந்து குட்டியானையில் காளையை ஏற்றிக்கொண்டு போய், ராத்திரி முழுக்க ரோட்டில் காத்துக்கிடக்கிறவர் கையில் இருப்பது டோக்கனா, வெறும் காகிதமா? டோக்கன் என்பது வாக்குறுதி. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை அச்சடித்துக் கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தையும் பார்த்தேன். திண்டுக்கல்லில் குழந்தைகளுக்கான ஓர் இலவச நிகழ்ச்சி. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். முன்பதிவு ‘ஃபுல்’. நிலக்கோட்டையிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். “லிஸ்ட்ல பேர் இல்லம்மா.” உள்ளே முதல் மூன்று வரிசையில் ‘ஒதுக்கப்பட்டது’ என்று காகிதம் ஒட்டிய நாற்காலிகள். கடைசி வரை அந்தக் காகிதங்கள்தான் நிகழ்ச்சியை ரசித்தன.

இலவசம் என்றால் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவர்கள் உண்டு. ஆமாம், நீங்களும் நானும்தான். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று நாம் போட்டு வைக்கும் பெயர், இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையின் நாற்காலி. ரயில்வேயைப் பாருங்கள். ஒருவர் ரத்து செய்தால் வெயிட்டிங் லிஸ்ட்டில் அடுத்தவர் நகர்கிறார். இந்தச் சின்ன ஏற்பாட்டை ஒரு மண்டபத்துக்குள் செய்ய முடியாதா?

நான் கேட்பது ஐந்தே ஐந்து. மொத்த இடம் எத்தனை, யார் யாருக்கு எத்தனை என்பதை முன்பதிவு தொடங்கும்போதே அறிவியுங்கள். குலுக்கலை எல்லோரும் பார்க்க நடத்துங்கள். காத்திருப்போர் பட்டியல் வையுங்கள். தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் காலியாக இருக்கிற நாற்காலியை, அது யாருக்கு ஒதுக்கியதாக இருந்தாலும், வாசலில் நிற்பவருக்குக் கொடுங்கள். விழா முடிந்ததும் எந்தப் பிரிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை ஒட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. ‘நான் யார் தெரியுமா?’ என்று வாசலில் கேட்கிறவரிடம், “தெரியும் சார், லிஸ்ட்ல இல்லை” என்று சொல்லும் துணிச்சல் மட்டும் போதும்.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு. பூட்டு போடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.