கொல்லர் வீட்டுக் கூடத்தில் பீர்

இங்கிலாந்தின் கிராமத்து பப் என்றாலே தாழ்ந்த உத்தரமும் பெரிய கணப்பும் ஐந்நூறு வருடப் பழமையும் நம் கற்பனையில் வந்துவிடும். சில பப்கள் அப்படிப்பட்டவைதான். ஆனால் ஏராளமானவை 1830க்குப் பிறகு முளைத்தவை. அவற்றைப் பெற்றெடுத்தது நாடாளுமன்றம்.

அதுவரை மதுக்கடை வைக்க வேண்டுமென்றால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளின் தயவு தேவை. அவர்கள் பெரிய பீர் ஆலைக்காரர்களுக்குச் சாதகமாக நடக்கிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். போதாததற்கு 1825இல் வரி குறைந்ததும் ஜின் குடி பெருகிவிட்டது. அதற்குப் பீரே தேவலை என்று வெலிங்டன் பிரபுவின் அரசு முடிவு செய்தது. 1830இல் பீர் மீதிருந்த வரி போயிற்று. உள்ளூர் வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கட்டினால் உரிமம் கிடைக்கும். மாஜிஸ்திரேட்டைக் கேட்க வேண்டியதில்லை. பீர் மட்டுமே விற்கலாம். ஜின்னும் ஒயினும் கூடாது. இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட வேண்டும்.

ஆறே மாதத்தில் 24,000க்கும் மேற்பட்ட பீர் வீடுகள் திறந்தன. கொல்லர், தச்சர், கணவனை இழந்த பெண் என்று கையில் கொஞ்சம் பணம் இருந்தவர்களெல்லாம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெஞ்சைப் போட்டுக் கடை தொடங்கினார்கள். பலர் கொல்லைப்புறத்திலேயே பீர் காய்ச்சினார்கள். அன்றைய ஊர் விவரப் புத்தகங்களில் ‘கொல்லர், பீர் விற்பவர்’ என்று ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் பதிவாகியிருப்பது இதனால்தான். பண்ணைக் கூலிகள் எஜமானனின் பார்வை படாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைத்தது. அந்த வருடமே தென்பகுதியில் கூலிகளின் கலகம் வெடித்தபோது பெரிய மனிதர்கள் பீர் வீடுகளைத்தான் கரித்துக் கொட்டினார்கள்.

1869இல் அதிகாரம் மறுபடியும் மாஜிஸ்திரேட்டுகளிடம் போனது. ஏற்கெனவே இருந்த பீர் வீடுகளை மட்டும் நினைத்தபடி மூட முடியாது. சட்டம் சொன்ன சில காரணங்களுக்காக மட்டுமே உரிமத்தை மறுக்கலாம். அந்தப் பாதுகாப்புக்காகவே ஆலைக்காரர்கள் அவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். பிறகு, இழப்பீடு கொடுத்துக் கடைகளை மூட 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மூடிய கடைகளில் பல மறுபடியும் குடியிருப்பாயின.

தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று, ஹெரஃபோர்ட்ஷையரின் லெயின்ட்வார்டைன் கிராமத்து சன் இன். அதை நடத்திய ஃப்ளாஸி லேன் அந்த வீட்டிலேயே பிறந்து, 2009இல் 94 வயதில் இறந்தவர். அங்கே கவுன்ட்டர் கிடையாது. பீப்பாய்கள் சமையலறையில் இருந்தன. வருகிறவர்களே போய்ப் பிடித்துக்கொண்டு காசை வைத்துவிடுவார்கள். அவர் மறைவுக்குப் பின் ஊர்க்காரர்கள் முயற்சியெடுத்து, பப் மூடப்படாமல் காப்பாற்றினார்கள்.

பழைய பப்பின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: சுவரின் வயதை விட்டுவிட்டு உரிமத்தின் வயதைப் பாருங்கள். ஓர் ஏழைக் கொல்லர் எப்போது கடைக்காரரானார், அந்தக் கடை எப்போது அவர் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது என்ற இரண்டையும் அதுதான் சொல்லும்.