சோதனைத் தாளும் சோற்றுத் தட்டும்

"சோற்றுக்கே வழியில்லாத நாட்டில், சோறு ஒத்துக்கொள்ளாததைப் பற்றி என்ன பேச்சு? அது சீமான் வீட்டுச் செல்லப் பிள்ளைகளின் நோய்!" என்று கேலி பேசுவோர் நம் தோழர்களிடையேயும் உண்டு. அந்தக் கேலி தவறானது, ஆபத்தானதுங்கூட.

ஒவ்வாமை சாதி பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டையும் பார்ப்பதில்லை. பால், முட்டை, வேர்க்கடலை, மீன், இறால், நண்டு என ஊருக்கெல்லாம் உணவாக இருப்பது, ஒருவர் உடலுக்கு மட்டும் பகையாகிவிடுகிறது. உடலைக் காக்க வேண்டிய காவற்படை, விருந்தாளியைத் திருடன் என்றெண்ணித் தாக்குகிறது. தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, வாந்தி வருகிறது. முற்றினால் மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிரே போகவும் கூடும். சீமானுக்குத் தனிச் சமையல் உண்டு. வாசலில் காரும் உண்டு. பாட்டாளிக்கு? ஆலைக் கேண்டீனில் எல்லாக் குழம்புக்கும் ஒரே கரண்டி! என்ன எண்ணெய், என்ன மாவு என்று கேட்டால், "தின்றால் தின்னு, இல்லாவிட்டால் போ" என்பதே பதில். இது யாருடைய பிரச்சினை, தோழர்களே?

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. உடம்பு அரித்தால், "கரப்பான் பண்டம் தின்றாய்" என்று கத்தரிக்காயை நிறுத்துவார்கள். அடுத்து கருவாடு, அதற்கடுத்து முட்டை. பத்தியம் நீளும், காரணம் மட்டும் தெரியாது. விசாரணையின்றி வழங்கப்படும் தண்டனை அல்லவா இது? பகுத்தறிவு கேட்பது விசாரணையை. அந்த விசாரணைக்குப் பெயர்தான் சோதனை.

முதல் விசாரணை, என்ன தின்றபோது, எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டறிவது. பிறகு முன்கையில் சந்தேகப் பொருளின் சாற்றைத் துளியாக வைத்து, மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் பார்ப்பார்கள். தடிப்பு எழுந்தால் ஐயம் வலுக்கும். 1966-ல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளந்தும் பார்க்கலாம்.

ஆனால் தடிப்பு சாட்சியே தவிரத் தீர்ப்பு அல்ல! பெங்களூரு, மைசூர் வட்டாரத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. இரத்தச் சோதனையில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தவர் 100-க்கு 26 பேருக்கு மேல். உண்மையான ஒவ்வாமை உள்ளவராகக் கருதத்தக்கவரோ 100-க்கு ஒருவருக்குச் சற்று அதிகம். ஐயம் தீராதபோது, மருத்துவர் பக்கத்தில் நிற்க, அந்த உணவைச் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

இந்த இடைவெளியில்தான் வாணிபம் புகுகிறது. 'ஐ.ஜி.ஜி.' என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளந்து, பல பத்து உணவுகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுத் தாள் நீட்டுகிறார்கள். அந்தப் பொருள் இருப்பது, அந்த உணவை நாம் உண்டிருக்கிறோம் என்பதையே காட்டும், நோயைக் காட்டாது. இதை நம்பாதீர் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லேயே எச்சரித்தது. சீமான் பிள்ளைக்கு அந்தத் தாள் நூறு பண்டங்களில் பத்தைக் குறைக்கும். சத்துணவு முட்டையை நம்பி வளரும் பிள்ளைக்கோ, இருக்கும் ஒரே சத்தையும் பறித்துவிடும்.

மருந்தின் கதையைக் கேளுங்கள். மூச்சடைக்கும்போது உயிர் காப்பது, தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. 1901-ல் தாகாமைன் பிரித்தெடுத்த பொருள் அது. எவருக்கும் தனியுரிமை இல்லை. இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அதையே தானே போட்டுக்கொள்ளும் கருவியில் அடைத்து விற்ற அமெரிக்க மைலான் கம்பெனி, 2007-ல் சுமார் 100 டாலராக இருந்த இரட்டை ஊசியின் விலையை 2016-க்குள் 600 டாலருக்கு ஏற்றியது. மருந்து மாறவில்லை, இலாபம் மாறியது!

ஆகவே நாம் கேட்பது மூன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும், பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒவ்வாமைச் சோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், பூட்டிய அலமாரியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் அட்ரினலின் இருக்க வேண்டும். பொட்டல உணவில் கடலை, பால், முட்டை, மீன் முதலியன இருந்தால் அச்சிட வேண்டுமென 2020-ன் விதிகள் சொல்கின்றன. பொட்டலம் காணாத கேண்டீன் சோற்றுக்கும் அந்தத் தகவல் வேண்டும்.

முதலிரண்டும் அரசு செய்ய வேண்டியவை, கேட்டுப் பெறுவோம். மூன்றாவதற்கு ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். கேண்டீன் குழுவில் இருக்கும் சங்கத் தோழர்கள் அதை நாளைக்கே தொடங்கலாம். இன்றைய குழம்பில் என்ன இருக்கிறது என்று எழுதிப் போடுங்கள். தட்டில் இருப்பதைத் தெரிந்துகொண்டு உண்பது சலுகையல்ல, தோழர்களே, உழைத்தவனின் உரிமை!