வாற்றும் செவியும்

பிக்கப் வாகனமொன்றை வாங்கிய இளைஞருக்கு அடுத்து எழும் ஆசை, அதன் ஸ்பீக்கர்களை மாற்றுவதாகும். 50 வாற்றை 100 வாற்றாக்கினால் ஓசையும் இருமடங்காகும் என்றெண்ணிப் பெரிய அம்பிளிபயருக்குப் பணம் கொடுப்போர் பலர். உண்மை அவ்வாறன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 தெசிபெல்லே உயரும். செவிக்கு இருமடங்கெனத் தோன்றுதற்கு ஏறக்குறைய 10 தெசிபெல் உயர்வு வேண்டும். அதற்கு வலு பத்து மடங்காதல் வேண்டும்.

ஆயின், செய்யத்தக்கது யாது? முதலிற் கதவைக் கவனியுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஒலியலைகளை எழுப்புகின்றது. பின்னலை, கதவின் உட்தகட்டிலுள்ள துவாரங்கள் வழியே வந்து முன்னலையோடு கலந்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து கேட்பது இதனாலேயே. அத்துவாரங்களை அடைத்து, தகட்டில் அதிர்வடக்கும் பட்டையை ஒட்டினால் சிறு செலவிலேயே இசை தெளிவுறும். கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்தலாகாது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

இன்னுமொன்று. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 தெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரமே கேட்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 தெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே உண்டு. தொழிலாளருக்கென வகுத்த அளவு இது. குழந்தைகளுக்கு இதனினும் குறைவே நன்று. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீள முளைப்பதில்லை. ஆதலால், ஓசையைக் கூட்டுமுன் பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.