ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள்

ஜிம்முக்குப் போகிறவர்கள் நாள்தோறும் சொல்லும் ‘ட்ரெட்மில்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது சிறைச்சாலையில்தான். ட்ரெட் என்றால் மிதிப்பது, மில் என்றால் ஆலை. கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 1818-இல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் வடிவமைத்த மிதிசக்கரம் அது. அகலமான உருளையைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற ஏற, படி காலடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அது மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. சிலவற்றில் எந்த வேலையும் செய்யாமல் வெறுமனே சுற்றியது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895-இல் பென்டன்வில் சிறையில் அதை மிதித்திருக்கிறார். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஒழிந்தது. பின்னாளில் அதே பெயரில் வந்த ஓடுபட்டையை அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் பரிசோதனைக்குப் பயன்படுத்தினார். அந்தப் பரிசோதனையைத்தான் இன்று நாம் ‘டி.எம்.டி.’ என்கிறோம்.

உடலை வருத்தித் தண்டிக்கும் அந்தப் பழக்கத்தை இங்கிலாந்துச் சிறைகள் கைவிட்டும் நம் பள்ளிகள் இன்னும் விடவில்லை. நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். பிரேயருக்குத் தாமதமாக வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, முதுகில் புத்தகப் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக, எல்லோரும் பார்க்க கிரவுண்டைச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளையை விளையாட்டு பீரியடில் வார்ம்-அப்புக்கு இரண்டு ரவுண்டு போகச் சொன்னால், “நான் என்ன சார் தப்பு பண்ணேன்?” என்று கேட்கிறாள். அவளுக்குள் ஓட்டம் செத்துவிட்டது. அதை மீட்க எனக்கு ஒரு வருஷம் போதாது. பிள்ளையார் முன் மனமுவந்து போடும் தோப்புக்கரணமும் வகுப்பு வாசலில் அவமானமாகிவிடுகிறது.

“அடிக்கவில்லையே, ஓடத்தானே சொன்னோம்” என்பார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.

தாமதமாக வந்தவளிடம் காரணம் கேளுங்கள். பஸ் நிற்காமல் போயிருக்கும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்திருப்பாள். கேட்டுவிட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். கிரவுண்டை விளையாட்டு பீரியடுக்கு விட்டுவையுங்கள். அந்த பீரியடையும் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்காதீர்கள்.