அளவு தெரியாமல் சிக்கனம் ஏது?

சென்னைக் குடிநீர் வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



தண்ணீர் பற்றிய கடிதங்கள் உங்கள் மேசைக்குக் கோடையில்தான் குவியும். ஏரியில் நீர் இருக்கும்போது நாங்களும் எழுதுவதில்லை, நீங்களும் எங்களிடம் சிக்கனம் பற்றிப் பேசுவதில்லை. அந்த வழக்கம் மாற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. நான்கிலும் சேர்த்து 11,000 மில்லியன் கன அடிக்கு மேல் தேக்கலாம். 2019 ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த வாரியம் அதை 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைக்க நேர்ந்தது. சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளிலிருந்துகூட நீர் எடுத்தீர்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இரவு பகல் பாராமல் உழைத்த உங்கள் ஊழியர்களுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் அந்த ரயில் ஒரு நடையில் கொண்டுவந்தது ஏறக்குறைய 18,500 பேருக்கு ஒரு நாள் பாடு. வெளியிலிருந்து கொண்டுவந்து இந்த நகரத்தின் தாகத்தைத் தீர்த்துவிட முடியாது. வீட்டுக்குள் வீணாவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கோடையில் யார் சிக்கனமாக இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். லாரி வரும் நேரத்துக்காக வேலைக்குப் போகாமல் காத்திருந்தவர்கள், அடிபம்பில் வரிசை போட்டவர்கள், குடத்தை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறியவர்கள். பெரும்பாலும் பெண்கள். எத்தனை குடம் வந்தது, எத்தனை குடம் செலவானது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். சுமப்பவருக்கு அளவு தெரியாமல் இருக்காது. சம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும் போர் மோட்டாரும் உள்ள வீடுகளில்தான் அந்தக் கணக்கே கிடையாது. குழாயைத் திறந்தால் வருகிறது. தொட்டி காலியானால் சுவிட்சைத் தட்டுகிறோம். ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்’ என்ற உங்கள் அறிவிப்பு இரண்டு வீடுகளுக்கும் ஒரே மாதிரி போகிறது. குடத்தில் பிடிப்பவரிடம் இன்னும் குறைத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. அந்த வேண்டுகோள் எங்களைப் போன்ற தொட்டி வீட்டுக்காரர்களுக்கு வர வேண்டியது. அதுவும் வெறும் வேண்டுகோளாக வந்தால் போதாது, அளவோடு வர வேண்டும்.

மின்சாரத்துக்கு மீட்டர் இருப்பதால்தான் ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கச் சிறு பிள்ளைக்கும் தெரிகிறது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் மீட்டர் இல்லை. 100 லிட்டர் செலவழித்தாலும் 1,000 லிட்டர் செலவழித்தாலும் கட்டணம் ஒன்றே. குறைத்தவருக்கு எவ்வளவு குறைத்தோம் என்றே தெரியாதபோது அந்தப் பழக்கம் எத்தனை நாள் நிற்கும்? முதல் மழை பெய்ததும் மறந்துவிடுகிறோம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் 135 லிட்டரைப் பிரித்துப் பார்த்தால் வழி தானாகத் தெரியும். குடிக்க 5, சமைக்க 5, குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு துடைக்க 10, கழிப்பறைக்கு 30. வாய்க்குள் போவது 10 லிட்டர்தான். குளித்ததும் துவைத்ததுமாக 75 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அதே வீட்டில் கழிப்பறைக்கும் செடிக்கும் நல்ல தண்ணீரை ஊற்றுகிறோம். நெம்மேலியில் மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் அனுப்புகிறீர்கள். அதில் ஒரு பங்கு குடிக்கும் தரத்திலேயே கழிப்பறைக்குள் போகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஷவரை விட்டு வாளிக்கும் சொம்புக்கும் திரும்பினால் குளியல் நீர் பாதியாகும். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்கு 10 லிட்டருக்கு மேல் இழுக்கும். இரட்டைப் பொத்தான் தொட்டிக்கு 3 அல்லது 6 லிட்டர் போதும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டரைத் தின்றுவிடும். அதைச் சரிசெய்யும் வாஷரின் விலை மிகக் குறைவு. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்த நீரில் உப்பு அதிகம் என்பதால் தொடர்ந்து தொட்டிச் செடிக்கு ஊற்றக் கூடாது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, அது செடிக்கு ஏற்றது. எந்த நீரைப் பிடித்து வைத்தாலும் மூடி வைக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் திறந்து கிடக்கும் டிரம்களில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது.

வறட்சி என்றதும் முதல் பழி தோட்டத்தின் மேல் விழுகிறது. செடி வளர்ப்பவளாக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். செடிகளைக் காயவிட்டு நகரத்தைக் காப்பாற்ற முடியாது. நிழல் போனால் வெக்கை இன்னும் கூடும். தண்ணீர் ஊற்றும் முறையைத்தான் மாற்ற வேண்டும். உச்சி வெயிலில் ஹோஸ் பைப்பால் பீய்ச்சும் நீரில் பெரும்பகுதி ஆவியாகும், அல்லது சிமென்டுத் தரையில் ஓடும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்து, வேரில் ஊற்றினால் குறைந்த நீரே போதும். உதிர்ந்த வேப்பிலையையும் மாவிலையையும் கூட்டிக் குப்பை வண்டியில் போடாமல் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது. மாடித்தோட்டப் பைகளில் தென்னைநார்க் கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். பந்தல் கொடிகளுக்கு மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து வேருக்குப் போய்ச் சேரும். புல்தரையை விட்டுவிட்டு அரளி, நந்தியாவட்டை, முருங்கை, பிரண்டை, கற்றாழை என்று நம் வெயில் தாங்கும் செடிகளுக்கு மாறலாம். குளியல் நீரைக் கல்வாழை, வாழை, சேம்பு வளரும் பாத்தி வழியாக விட்டால் செடிகளும் மண்ணும் அதை வாங்கிக்கொள்ளும். கீரைக்கு மட்டும் அந்த நீர் வேண்டாம்.

மழைநீரையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2003-இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு போனாலும் மிச்சம் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு வரும். அடுக்குமாடியில் தலைக்குரிய பங்கு குறையும். ஆனாலும் வீணாக்கும் அளவுக்கு அற்பமில்லை. அன்று போட்ட குழிகள் பல இடங்களில் சேறும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன. மாடிக் குழாயை நேராகத் தெருவில் விட்டவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த ஊர்தான் 2019-இல் ரயில் தண்ணீருக்குக் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பெய்ததை மண்ணுக்குள் இறக்கி வைத்திருந்தால் கிணறுகளாவது கைகொடுத்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, மீட்டர். அடுக்குமாடிகளிலும் வணிக வளாகங்களிலும் தொடங்குங்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி அளவு வரட்டும். அடிப்படைத் தேவைக்கான நீர் குறைந்த விலையில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் கட்டணம் ஏறட்டும். தெருக்குழாயையும் லாரியையும் நம்பியிருப்பவர்கள் மேல் ஒரு பைசாகூடச் சுமத்த வேண்டாம்.

இரண்டாவது, ரசீதில் லிட்டர் கணக்கு. இந்த வீட்டில் தலைக்கு எத்தனை லிட்டர் செலவானது, 135-க்கு மேலா கீழா என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். ஆயிரம் விளம்பரப் பலகைகள் செய்யாததை அந்த வரி செய்யும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் செப்டம்பரில், பருவமழைக்கு முன், மழைநீர்க் குழிகளை வார்டு வாரியாக ஆய்வு செய்யுங்கள். குழியைத் தூர்வாரி மணலும் ஜல்லியும் மாற்றத் தெரிந்த தொழிலாளர்களைப் பயிற்றுவித்து அந்தந்தப் பகுதியிலேயே வேலை கொடுங்கள்.

நான்காவது, புதிய கட்டடங்களுக்கு இணைப்பு தருமுன் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியாக இறங்குகின்றனவா என்று நேரில் பாருங்கள். கட்டி முடித்த பிறகு பிரிப்பது பெரும் செலவு.

ஐந்தாவது, வாரியத்தின் குழாய்களில் கசிந்து போகும் நீரின் அளவை ஆண்டுதோறும் மக்கள் முன் வையுங்கள். எங்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு முழுமையாக வரும்.

மீட்டர் என்றதும் எதிர்ப்பு வரும். கட்டணம் கூடும் என்று என்னைப் போன்றவர்களே முதலில் குரல் எழுப்புவோம். அதற்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். மிஞ்சும் ஒவ்வொரு லிட்டரும் வடசென்னையில் குடத்தோடு நிற்பவருக்குக் குழாயில் போகும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னபடி அனுப்பியும் காட்டுங்கள். இந்த ஊர் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஏரிகள் நிறைந்த ஓர் ஆண்டில் இதைத் தொடங்குங்கள். அப்போதுதான் நிதானமாகச் செய்ய முடியும். பருவமழை பொய்க்கும் ஆண்டு வரும்போது எங்கள் கைகளும் பழகியிருக்கும்.

மிக்க மரியாதையுடன்,
தொட்டி உள்ள ஒரு வீட்டிலிருந்து,
சென்னைவாசி ஒருத்தி